ஒரு தோசைக்கல், மூன்று சாலை

எப்படி இயங்குகிறது? – போக்குவரத்து சிக்னல்

மதுரையில் கிளம்பிய பஸ் உசிலம்பட்டி தாண்டி, கணவாயில் வளைந்து இறங்கி ஆண்டிபட்டிக்குள் நுழையும்போது ராத்திரி எட்டு மணி. இறங்குகிறவர்களில் பாதிப் பேர் நேரே வீட்டுக்குப் போவார்கள், மீதிப் பேர் பரோட்டாக் கடைக்கு. நான் இரண்டாவது கூட்டம்.

நான் வழக்கமாகப் போகும் கடையில் கல் ஒன்றுதான். பரோட்டா, தோசை, முட்டை ஐட்டம் மூன்றுக்கும் அதுவே. சப்ளையர் தம்பி உள்ளே பார்த்துக் கத்துவான்: "எட்டு பரோட்டா, மூணு கல் தோசை, ரெண்டு ஆஃப்பாயில்!" மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கல்லில் கிடக்கும் பரோட்டாவை எடுத்து, அடுக்கி, இரண்டு கையாலும் நாலு தட்டுத் தட்டி முடிப்பார். அப்புறம்தான் குவளைத் தண்ணீரை விசிறி, துடைப்பத்தால் ஒரு இழு இழுத்து, தோசை மாவுக்குக் கரண்டியை விடுவார். பரோட்டா எண்ணெயில் காய்ந்த கல்லில் அப்படியே மாவை ஊற்றினால் பரவாது. கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். முட்டை போட்ட கல்லைத் துடைக்காமல் தோசை வார்த்தால், சைவக்காரர் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஒருநாள் கூட்டம் குறைந்திருந்த நேரத்தில் கேட்டேன். "ஏண்ணே, பரோட்டா ஆர்டர் அம்புட்டையும் ஒரேயடியாப் போட்டு முடிச்சிட்டு, அதுக்கப்புறம் தோசை ஊத்தினா என்ன?"

"ஊத்தலாம் தம்பி. தோசை கேட்டவர் எந்திரிச்சுப் போயிருப்பார்."

"சரி, அப்ப ரெண்டு பரோட்டா, ரெண்டு தோசைன்னு மாத்தி மாத்திப் போடுங்க."

"போடலாம். நான் கல்லைத்தான் துடைச்சுக்கிட்டு இருப்பேன்."

சிக்னலுக்கு நேரம் குறிப்பவர்களின் தலைவலி முழுவதும் இந்த இரண்டு பதிலுக்கு நடுவில் அடங்கிவிடுகிறது. தேனி நேரு சிலைப் பக்கம் சிவப்பில் நின்றுகொண்டு நாம் முனகும்போது, அந்தக் கம்பத்துக்குள் ஓடுவது இந்தக் கல்லின் கணக்குதான். வாருங்கள், அடுப்படிக்குள் நின்று பார்த்துவிடலாம்.

1. கல் சூடேறும் வரை

நேரு சிலைச் சந்திப்பில் மூன்று சாலைகள் கூடுகின்றன: மதுரை சாலை, கம்பம் சாலை, பெரியகுளம் சாலை. ஆண்டிபட்டிக்காரர்களான நாம் மதுரை சாலை வழியே போய்ச் சேருகிறோம். நடுவில் கிடக்கும் தார்த் தரைதான் கல். மூன்று சாலைக்காரர்களும் அதே தரையைத்தான் கேட்கிறார்கள். ஒரே சமயத்தில் எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதால், முறை வைத்துக் கொடுக்கிறது சிக்னல். பச்சை என்றால் "இப்போது கல் உனக்கு" என்று பொருள்.

முதல் தோசை எப்போதும் தாமதம். கல் பதமாகி, மாவு பிடிக்க ஆரம்பித்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். பச்சை விழுந்ததும் முதல் வண்டிக்காரர் கியர் போட்டு, கிளட்சை விட்டு நகரச் சில நொடி ஆகிறது. நாலைந்து வண்டி போன பிறகு ஓட்டம் சீராகிவிடும். அப்போது ஒரு வரிசையில் கிட்டத்தட்ட இரண்டு நொடிக்கு ஒரு கார் கோட்டைக் கடக்கும். பதமான கல்லின் வேகம் அது. பொறியாளர்கள் இதை நிறைவு ஓட்டம் என்பார்கள்.

இந்தியாவில் சிக்னலுக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். 1985-ல் வந்த அந்த ஏட்டுக்கு ஐஆர்சி 93 என்று பெயர். நிறைவு ஓட்டத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சாலையின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525-ஆல் பெருக்க வேண்டும். சந்திப்பை நோக்கி வரும் பக்கம் 7 மீட்டர் அகலம் என்றால் 3,675. மணி முழுக்கப் பச்சையே எரிந்தால் அந்தப் பக்கத்தில் இருந்து அத்தனை கார் போகலாம். மணி முழுக்க ஒருவருக்கே கல்லைக் கொடுக்க முடியாதே என்பதில்தான் கதை தொடங்குகிறது.

2. துடைக்கிற நேரம்

மாஸ்டர் கல்லைத் துடைக்கும்போது அடுப்பு எரிகிறது, ஆள் வேலை செய்கிறார், ஆனால் இலைக்கு எதுவும் வருவதில்லை. சிக்னலிலும் இப்படி ஒரு நேரம் உண்டு. மதுரை சாலைக்குப் பச்சை முடிந்து மஞ்சள் வரும். உள்ளே நுழைந்துவிட்ட வண்டி வெளியேறும்வரை, ஓரிரு நொடி எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும். பிறகு கம்பம் சாலைக்குப் பச்சை. அங்கே முதல் வண்டி நகர இன்னும் இரண்டு நொடி. இப்படி ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சுமார் 4 நொடி யாருக்கும் பயன்படாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று சாலைக்கும் முறை ஒருதரம் வந்து முடிந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குத் துடைப்பு 12 நொடி.

இந்த 12 நொடியைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே கை வைக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் அந்த இடைவெளியில்தான், சந்திப்பின் நடுவில் மாட்டிய டவுன் பஸ்ஸும், கரும்பு டிராக்டரும், பூக்கூடை கட்டிய சைக்கிளும் உயிரோடு வெளியே வருகின்றன. துடைக்காத கல்லில் ஊற்றிய தோசை பிய்ந்துபோகும், அவ்வளவுதான். இங்கே பிய்வது ஆள்.

துடைப்பு தவிர்க்க முடியாத செலவு என்று ஆகிவிட்டது. அதை எத்தனை தடவை செய்வது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

3. ஒரு சுற்று எத்தனை நொடி?

மாஸ்டரின் இரண்டாவது பதிலை முதலில் எடுப்போம்: மாற்றி மாற்றிப் போட்டால் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு சுற்று 40 நொடி என்று வைத்தால் மணிக்கு 90 சுற்று. தடவைக்கு 12 நொடி வீதம் மணியில் 18 நிமிடம் துடைப்பிலேயே போய்விடும். சுற்றை 80 நொடியாக்கினால் துடைப்பு 9 நிமிடம். 120 நொடி என்றால் 6 நிமிடம். 180 நொடி என்றால் 4 நிமிடம்.

இந்த எண்களை இன்னொரு தரம் பாருங்கள். 40-ஐ 80 ஆக்கியதில் மணிக்கு 9 நிமிடம் மிச்சமானது. 120-ஐ 180 ஆக்கியதில் வெறும் 2 நிமிடம். சுற்றை நீட்ட நீட்ட லாபம் தேய்கிறது.

இனி முதல் பதில்: தோசை கேட்டவர் எழுந்து போய்விடுவார். 180 நொடிச் சுற்றில் மூன்று சாலைக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 56 நொடி பச்சை, 124 நொடி மற்றது. பச்சை இப்போதுதான் போனது என்கிற நேரத்தில் வந்து சேர்ந்தவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். நம் ஊர்க்காரர் நிற்பாரா? எஞ்சினை அணைக்காமல் இரண்டு அடி, நாலு அடி என்று கோட்டைத் தாண்டி முன்னே ஊர்ந்து, சந்திப்பிலேயே பாதி நுழைந்துவிடுவார். இன்னொரு நட்டமும் உண்டு. நீளமான பச்சையில் முதல் முப்பது நொடி வரிசை கட்டி நின்றவர்கள் பாய்கிறார்கள். கல் நிறைய தோசை. அதன் பிறகு அப்போதைக்கப்போது வந்து சேர்கிறவர்கள் மட்டும் போகிறார்கள். அத்தனை பெரிய கல்லில் ஒற்றைத் தோசை.

சின்னச் சுற்றில் துடைப்பு தின்கிறது, பெரிய சுற்றில் காத்திருப்பு தின்கிறது. இரண்டும் சேர்ந்து குறைவாக இருக்கும் நடு இடத்தைக் கண்டுபிடிக்க, பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த எஃப். வி. வெப்ஸ்டர் 1958-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். உலகம் முழுக்கப் பொறியியல் வகுப்புகளில் இன்றும் சொல்லித்தருவது அதுதான். நம் ஐஆர்சி வழிகாட்டியும் அதைத்தான் பின்பற்றுகிறது. சமையல்குறிப்பு மாதிரிச் சொன்னால்:

- ஒரு சுற்றின் துடைப்பு நேரத்தை ஒன்றரையால் பெருக்கி, 5 கூட்டுங்கள்.
- ஒவ்வொரு சாலையிலும் வருகிற வண்டியை, அந்தச் சாலையின் நிறைவு ஓட்டத்தால் வகுங்கள். கல்லில் அவருக்கு எவ்வளவு பங்கு தேவை என்பது இந்த எண்.
- பங்குகளைக் கூட்டி, 1-ல் இருந்து கழியுங்கள்.
- முதல் எண்ணை இந்த மிச்சத்தால் வகுத்தால் சுற்றின் நொடிகள் கிடைக்கும்.

ஒரு கணக்குக்காக எண் போட்டுப் பார்ப்போம். மூன்று பக்கமும் 7 மீட்டர் அகலம். மதுரை சாலையில் மணிக்கு 920 கார், கம்பம் சாலையில் 920, பெரியகுளம் சாலையில் 735. நிறைவு ஓட்டம் 3,675 என்பதால் பங்குகள் கால், கால், ஐந்தில் ஒன்று. கூட்டினால் 0.70, மிச்சம் 0.30. துடைப்பு 12 நொடி. ஒன்றரை மடங்கு 18. ஐந்து கூட்டினால் 23. அதை 0.30-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 77. சுற்றை 80 நொடி என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டி கூடினால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தச் சூத்திரம் சொல்லும் பெரிய செய்தி. பங்குகளின் கூட்டல் 0.55 என்றால் சுற்று 51 நொடி. 0.70 என்றால் 77. 0.85 என்றால் 153. ஒவ்வொரு படியிலும் வண்டி ஏறிய அளவு ஒன்றேதான். சுற்று ஏறியதோ முதல் படியில் 26 நொடி, அடுத்த படியில் 76. கூட்டல் 1-ஐ நெருங்கினால் சூத்திரம் கையை விரித்துவிடும். கல் கொள்ளாத அளவுக்கு ஆர்டர் வந்தபிறகு எந்த மாஸ்டர் வந்தும் பயனில்லை. இரண்டாவது கல்லுக்கு வழி பார்க்க வேண்டியதுதான்.

4. யாருக்கு எத்தனை?

80 நொடிச் சுற்றில் துடைப்பு 12 போக மிச்சம் 68. இதைப் பங்கு விகிதப்படி பிரித்தால் மதுரை சாலைக்கு 24, கம்பம் சாலைக்கு 24, பெரியகுளம் சாலைக்கு 20.

"எல்லோருக்கும் ஆளுக்கு 30" என்று சமமாகப் பிரிக்கும் பழக்கம் நியாயமாகத் தோன்றும். கடையில் எட்டு பரோட்டாவும் இரண்டு தோசையும் ஆர்டர் இருக்கும்போது, "சமமாக இருக்கட்டும்" என்று ஐந்தைந்து போடுகிற மாஸ்டரை என்ன சொல்வோம்? மூன்று பரோட்டாக்காரர் பட்டினி, மூன்று தோசை ஆறி அவலாகும்.

ஆர்டர் எண்ணும்போது ஒரு சிக்கல். ஆஃப்பாயிலும் நெய் ரோஸ்ட்டும் ஒன்றா? ஒன்று கல்லின் மூலையில் அடங்கும், மற்றது பாதிக் கல்லைப் பிடிக்கும். சாலையிலும் தலையை எண்ணினால் போதாது, இடத்தை எண்ண வேண்டும். அதற்காகக் காரை 1 என்று வைத்து மற்ற வண்டிகளை அதன் மடங்காகச் சொல்கிறார்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-ல் நகரச் சாலைகளுக்குக் கொடுத்த அட்டவணையில், டூவீலர் 0.5 முதல் 0.75, ஆட்டோ 1.2 முதல் 2. பஸ், லாரி 2.2 முதல் 3.7, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் 4 முதல் 5, கைவண்டிகூட 2 முதல் 3. ஒரு டிராக்டர் முன்னால் போனால் எட்டு பைக்குக்கான இடம் போயிற்று என்பதை, அதன் பின்னால் நின்றவர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5. இடுக்கில் ஆஃப்பாயில்

நல்ல மாஸ்டர் நாலு தோசை வார்த்தபின் ஓரத்தில் மிச்சமிருக்கும் முக்கோண இடுக்கில் ஒரு ஆஃப்பாயிலை உடைத்து ஊற்றிவிடுவார். நம் சாலை அப்படித்தான் நிறைகிறது. சிவப்பு விழுந்ததும் பைக்குகள் பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் புகுந்து கோட்டின் முகப்புக்கு வந்துவிடும். பச்சை விழுந்த முதல் சில நொடியில் பாய்வது அவைதான்.

மேல்நாட்டுப் புத்தகங்களில் வரிசை வரிசையாக வண்டி நிற்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கு ஓடும். வரிசையே இல்லாத ஊரில் அகலத்தை வைத்துக் கணக்கிடும் 525 முறை நமக்குப் பொருந்தி வருவதற்குக் காரணம் இதுதான். இடுக்கு நிரப்புகிற ஊரில் அகலம்தான் சொத்து. சாலை ஓரம் ஒரே ஒரு லோடு ஆட்டோ நின்று 2 மீட்டரை அடைத்தால், மணிக்கு 1,050 காரின் இடம் போய்விடுகிறது. பச்சையை எத்தனை நொடி கூட்டினாலும் அந்த ஈடு வராது. ஆண்டிபட்டி மாதிரி நெடுஞ்சாலையே கடைவீதியாகவும் இருக்கும் ஊரில், சிக்னலுக்கு முன்னால் ஐம்பது மீட்டரைக் காலியாக வைப்பது சிக்னலைத் திருத்துவதைவிடப் பெரிய வேலை. பாதிக் கல்லில் சால்னாச் சட்டியை ஏற்றி வைத்துக்கொண்டு "தோசை ஏன் லேட்?" என்று கேட்கக் கூடாது.

6. பரோட்டா வரும் நேரம் சால்னா சூடாக

இதுவரை பார்த்தது ஒற்றைக் கல். பெரிய ஊரில் ஒரே சாலையில் நாலு சிக்னல் தொடர்ந்து வரும். முதல் அடுப்பில் பரோட்டா முடிகிற நேரத்தில் இரண்டாவது அடுப்பில் சால்னா கொதித்திருக்க வேண்டும். முன்னாடியே கொதித்தால் ஆறிப்போகும். பின்னாடி என்றால் பரோட்டா விறைத்துவிடும்.

இரண்டு சிக்னலுக்கும் 600 மீட்டர் தூரம், வண்டிகள் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். முதல் சிக்னலில் புறப்பட்ட கூட்டம் 60 நொடியில் இரண்டாவதை எட்டும். இரண்டாவது கம்பத்தின் பச்சையை முதல் பச்சைக்கு 60 நொடி கழித்துத் தொடங்கினால், கூட்டம் நிற்காமலே கடந்துவிடும். பச்சை அலை என்று சொல்வது இதைத்தான். இரண்டு சிக்னலும் ஒரே நீளச் சுற்றில் ஓட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒன்று 80-லும் மற்றது 95-லும் சுற்றினால் தாளம் ஒவ்வொரு சுற்றிலும் விலகிக்கொண்டே போகும். எதிர்த்திசையில் வருகிறவருக்கும் அதே அலை அமைவது தூரத்தைப் பொறுத்த அதிர்ஷ்டம். அதனால் காலையில் ஊருக்குள் வருகிறவருக்கு ஒரு தாளம், மாலையில் வெளியே போகிறவருக்கு இன்னொன்று என்று வைப்பார்கள்.

நம் வட்டாரத்தில் இந்தத் தாளத்துக்குள் புதிதாக ஒருவர் நுழைந்திருக்கிறார். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. அகலப் பாதையாகி, 2022 மே 27-ல் தேனி வரை ரயில் வந்தது. 2023 ஜூனில் போடி வரை போனது. ஊருக்கு நல்லதுதான். ஆனால் ரயில்வே கேட்டும் ஒரு சிக்னல். யாருடைய சுற்றுக்கும் கட்டுப்படாத சிக்னல். கேட் விழுந்தால் சொட்டுச் சொட்டாக வர வேண்டிய வண்டிகள் தேங்கி, கேட் தூக்கியதும் ஒரே குடமாக அடுத்த சந்திப்பில் கவிழ்கின்றன. முழு பஸ் ஆட்களும் ஒரே நேரத்தில் கடைக்குள் நுழைந்த கதைதான். கேட் திறந்த செய்தி சந்திப்பின் பெட்டிக்கும் எட்டும்படி செய்தால், அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் பச்சையை நீட்டலாம்.

7. இலை எடுக்கவில்லை

சில சமயம் கல்லில் தோசை தயாராக இருக்கும். வைக்க இடம் இருக்காது. சாப்பிட்டு முடித்தவர்கள் எழவில்லை, எழுந்தவர்களின் இலையை எடுக்கவில்லை. மாஸ்டர் இன்னும் நாலு தோசை சுட்டால் கல்லிலேயே கருகும்.

சந்திப்பைத் தாண்டி நூறு மீட்டரில் பஸ் ஸ்டாப். இரண்டு பஸ் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நின்று ஆள் ஏற்றுகின்றன. பச்சை விழுந்தும் போக வழியில்லை. ஆனாலும் பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள் என்று நாம் உள்ளே நுழைந்துவிடுகிறோம். சிவப்பு விழுந்தபிறகும் நடுச் சந்திப்பில் நிற்கிறோம். அடுத்த சாலைக்குப் பச்சை வந்தும் நாம் குறுக்கே. ஒரு கல்லின் கோளாறு இப்படித்தான் ஊர் முழுக்கப் பரவும். இந்த நிலையில் பச்சையைக் கூட்டுவது தவறு, குறைக்க வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டால் உள்ளே விடுவதைக் குறை என்பது பரோட்டாக் கடையில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

8. எட்டிப் பார்க்கிற மாஸ்டர்

மேலே சொன்ன கணக்கெல்லாம் முன்கூட்டி எழுதிவைத்த மெனு. நிஜக் கடையில் மாஸ்டர் அவ்வப்போது தலையை நீட்டிக் கூடத்தைப் பார்க்கிறார். சிக்னலுக்கும் கண் கொடுக்கலாம்.

எளிய கண் இப்படி வேலை செய்யும்: பச்சை எரியும்போது மூன்று நொடியாக யாரும் வரவில்லை என்றால், காத்திருக்காமல் அடுத்த சாலைக்குக் கொடுத்துவிடு. தோசை ஆர்டர் இல்லாதபோது எதற்குத் தோசை?

அதற்கு அடுத்த படி, பல சந்திப்புகளைச் சேர்த்துக் கவனிப்பது. 1970-களில் இதற்கு இரண்டு பள்ளிகள் உருவாயின. பிரிட்டனில் பிறந்து கிளாஸ்கோவில் சோதித்த ஸ்கூட், வண்டியைச் சந்திப்புக்கு வெகு முன்னாலேயே எண்ணிவிடும். பஸ்ஸில் இருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று வாசலில் நின்று பார்க்கிற ஆள். சிட்னியில் பிறந்த ஸ்காட்ஸ், கோட்டுக்குப் பக்கத்தில் பார்க்கும். போன பச்சை நிறைந்து ஓடியதா, காலியாக ஓடியதா என்று காலி இலைகளைப் பார்த்துக் கணிக்கிற ஆள். இரண்டுமே ஒவ்வொரு சுற்றிலும் சில நொடிகளை மட்டும் கூட்டிக் குறைக்கின்றன. ஒரேயடியாகப் புரட்டிப் போடுவதில்லை. உப்பைச் சிட்டிகையாகத்தான் சேர்க்க வேண்டும்.

இவை வரிசை பிடித்துப் போகும் ஊர்களுக்காகச் செய்தவை. இடுக்கு நிரப்புகிற நம் சாலைக்கென்று, மேற்குமலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் இருக்கும் சி-டாக் மையம் கோசிகாஸ்ட் என்ற முறையை உருவாக்கியது. பெங்களூரு 2024-ல் தன் சந்திப்புகளில் அமைக்கத் தொடங்கிய தகவமைப்பு சிக்னல்கள் இந்த முறையில்தான் ஓடுகின்றன.

கண் வைத்த சிக்னலுக்கும் நமக்குப் பிடித்த ஒரு பொருளுக்கும் ஆகாது: நொடி எண்ணிக் காட்டும் பலகை. "அஞ்சு நிமிஷத்துல தோசை" என்று சப்ளையர் வாக்குக் கொடுத்துவிட்டால், மாஸ்டரால் வரிசையை மாற்ற முடியாது. பலகையில் 20 என்று எரிந்தபிறகு சிக்னல் மனம் மாறினால் ஓட்டுநர் ஏமாறுவார்.

9. மெனுவில் இருந்தே எடுத்துவிட்டால்?

துடைப்புதான் பெருஞ்செலவு என்றால், கைமாற்றத்தின் எண்ணிக்கையையே குறைக்கலாமே? கோயம்புத்தூர் இதைச் செய்துபார்த்தது. பல சந்திப்புகளில் சிக்னலை அணைத்துவிட்டு ரவுண்டானாவும் யு-டர்னும் வைத்தார்கள். லாலி ரோடு சந்திப்பு அதில் ஒன்று. வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் நேரே போய், சற்றுத் தள்ளித் திரும்பி வருவார். "முட்டை ஐட்டம் இந்தக் கல்லில் இல்லை, பக்கத்து அடுப்பில் வாங்கிக்கொள்" என்கிற ஏற்பாடு. சாலை அகலமாக இருந்தால் நன்றாக ஓடும். ஆனால் நிற்காத வண்டிக் கூட்டத்தைக் கால்நடையாகக் கடக்கிறவருக்கு இந்த மெனுவில் இலையே போடவில்லை.

அவருக்கும் கணக்கு உண்டு. 14 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடந்தால் 12 நொடி. தலையில் கூடையோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 17.5 நொடி. வண்டிக்குப் பத்து நொடி பச்சை போதும் என்று சூத்திரம் சொன்னாலும், பாட்டி நடந்து முடிக்கும்வரை மாற்றக் கூடாது.

10. பழைய மாவு

சிக்னல் நேரத்தை ஒருமுறை குறித்துப் பூட்டிவிட்டால் அது புளித்துப்போகும். நம் பள்ளத்தாக்கில் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடியலில் மலையேறி மாலையில் இறங்கும். முகூர்த்த நாளில் ஆண்டிபட்டியில் இருந்து பூ முன்கூட்டியே கிளம்பும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் சாலை திணறும். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். கூட்டம் மிகும் நாட்களில் கம்பம்மெட்டு வழியே ஏற்றிக் குமுளி வழியே இறக்குவார்கள். ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மதியத்துக்குக் குறித்த நேரம் மார்கழி விடியலுக்கு எப்படிப் பொருந்தும்? காலை, மதியம், மாலை, இரவு, சந்தை நாள், சீசன் என்று அரை டஜன் அட்டவணை எழுதிப் பெட்டிக்குள் வைக்கலாம். அதற்குக் கேமராவும் கம்ப்யூட்டரும்கூட வேண்டாம். எண்ணுகிற ஆளும், வருடத்துக்கு ஒருதரம் திருத்துகிற மனமும் போதும்.

எண்ணுவது நீங்களும் செய்யக்கூடியதுதான். அடுத்த தரம் ஏதாவது சிக்னல் ஓரம் டீ குடிக்கும்போது பத்துச் சுற்றைக் கவனியுங்கள். ஒரு பக்கம் பச்சை எரிய, கடைசி வண்டியும் போன பிறகு வெறுந்தரைக்கு எத்தனை நொடி எரிகிறது? சுற்றுக்கு 5 நொடி என்றால், 80 நொடிச் சுற்றில் மணிக்கு 225 நொடி. ஏறக்குறைய நாலு நிமிடம் காலிப் பச்சை. அதே சமயம் எதிர்ப்பக்கம் ஒரே வண்டி இரண்டு சிவப்பைப் பார்க்கிறதா? இரண்டும் சேர்ந்து தெரிந்தால், அங்கே சாலையை அகலப்படுத்தும் முன்பு நொடிகளை இடம் மாற்றினால் போதும்.

போன வாரம் கடையில் நான் கல் தோசை சொன்னபோது கல் நிறையப் பரோட்டா. எனக்கு முன்னால் தோசை கேட்டவர் ஒருவர். மாஸ்டர் வாசலை எட்டிப் பார்த்தார். மதுரை பஸ் இன்னும் வரவில்லை. பரோட்டா ஈடு முடிந்தது. தண்ணீர், துடைப்பம். இரண்டு தோசையை ஒன்றாக ஊற்றிவிட்டு, மூன்றாவதாக ஒரு கரண்டி மாவை எடுத்தவர் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இன்னொண்ணு சாப்பிடுவீகளா தம்பி? இப்பவே சொல்லிருங்க. அப்புறம்னா மறுபடி கல்லைத் துடைக்கணும்."